மிக்சர் சரியில்லை!

'மிக்சர் சரியில்லை சார்' என்று மெக்கானிக் சொன்னால், டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் காராபூந்தி சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்து போகின்றன என்கிற விவகாரம் அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கார் உலகத்தைப் பாடாய்ப் படுத்திய விவகாரம். அதன் சரித்திரத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு தண்டச் செலவு மூலமாக!

என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். 2008 மாடல். ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் நின்றால் போதும்... குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கும். மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு வேறு. நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். 'பி0171' என்று ஒரு கோடு வந்தது. 'ஏர் ஃப்ளோ சென்சார் போயிடுச்சு சார்' என்றார்கள். மாற்றினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பில். விளக்கு அணைந்தது. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் நடுக்கம், மறுபடியும் மஞ்சள் விளக்கு!

ஒரு கல்யாணத்துக்காக நத்தம் போனபோதுதான் இதற்கு விடை கிடைத்தது. மதுரையிலிருந்து நத்தம் ரோட்டில் இப்போது ஏழு கிலோமீட்டர் சொச்சம் நீளத்துக்குப் பாலம், 2023 ஏப்ரலில் திறந்தது. அதில் ஏறி இறங்கினால் அப்புறம் நாலு வழிச் சாலை. ஆனால் நத்தத்துக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் நின்று நின்றுதானே போக வேண்டும்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் கார் தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடம் ஒரு மெக்கானிக் ஷெட். அறுபது தாண்டிய பாய் ஒருவர், கூடவே அவர் மகன்.

பாய் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் சும்மா கேட்டார். 'ஏர் இழுக்குது தம்பி' என்றார்.

அந்த ஒரு வரியின் அர்த்தம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

* * *

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாமல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேலே காற்று! நாம் பங்க்கில் காசு கொடுத்து வாங்குவது சின்னப் பங்கு. பெரிய பங்கு இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்கு யார்தான் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்? கார் உலகமும் வெகுநாள் வைக்கவில்லை.

1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக், பெட்ரோலைச் சின்னத் துவாரம் வழியாகத் தெளிக்கும் கார்பரேட்டரை உருவாக்கினார். அதே வருஷம் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்று இரண்டு பேர் அதே மாதிரி யோசனைக்குக் காப்புரிமை கேட்டார்கள். தத்துவம் எளிது. குறுகலான குழாய் வழியாகக் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் பெட்ரோல் தானாகவே மேலே வந்து காற்றோடு கலக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், குறைந்தால் குறையும். அளவுகோல் இல்லாமலே அளவு!

ஆனால் இதில் ஒரு சிக்கல். கார் நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. அந்த மெல்லிய மூச்சுக்கு பெட்ரோலை மேலே இழுக்கிற தெம்பு கிடையாது. அதற்காகத் தனியாக ஒரு சின்னப் பாதை வைத்து, அதில் ஒரு ஸ்குருவையும் வைத்தார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஸ்பீடு' என்று சொல்வது இந்த இடத்தைத்தான். இன்ஜினுக்கு ஓடுவது சுலபம். நிற்பதுதான் கஷ்டம்.

* * *

அந்தக் காலத்தில் மிக்சரைச் சரியாக வைப்பது டிரைவரின் வேலையாகவே இருந்தது. நம்ம பக்கத்துச் சரித்திரமே இதற்குச் சாட்சி.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விட ஆரம்பித்தார். ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார், அதையும் தானே ஓட்டிக்கொண்டு! நத்தமும் பழனியும் அப்போது மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுவிடும் என்ற நிலை. அப்போது மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் 'கேஸ் பிளான்ட்' என்ற சாதனத்தைத் தயாரித்தது. நம் தாத்தாக்கள் பேச்சில் வரும் 'கரி பஸ்' இதன் புண்ணியம்தான். பஸ்ஸோடு ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக் கரி. கரியை அரைகுறைக் காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அந்த வாயுதான் எரிபொருள். விடியற்காலையிலேயே நெருப்பு மூட்டி, ஊதி, வாயு சேர்ந்த பிறகே இன்ஜின் கிளம்பும். வாயுவும் காற்றும் கிட்டத்தட்டச் சரிபாதி கலக்க வேண்டும். கரியின் தரம் மாறினால் வாயுவும் மாறும். ஆகவே டிரைவர் காற்று வால்வைக் கூட்டிக் குறைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே ஓட்ட வேண்டும். மேடு வந்தால் திணறும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தியில் கணிசமான பங்கு காலி. ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த பஸ்ஸுக்குச் சாப்பாடாக இருந்த கார்பன் மோனாக்சைடு மனிதனுக்கு விஷம். நிறமில்லை, வாசனையில்லை, மூச்சில் கலந்தால் ஆளைக் கொல்லும். பெட்ரோல் காரிலும் காற்று போதாமல் பெட்ரோல் அதிகமானால் புகைக்குழாயில் வருவது அதே விஷம்தான். மூடிய ஷெட்டுக்குள் காரை ஐட்லிங்கில் விடாதே என்று சொல்வது அதனால்தான்.

* * *

போர் முடிந்து பெட்ரோல் வந்தது. அப்புறம் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு காலம். கார்பரேட்டர் ராஜ்ஜியம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் கார்பரேட்டர் வண்டிதான். 1985-ல் தொடங்கிய நம்மூர் யூகால் நிறுவனம், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து கார்பரேட்டர் தயாரிக்க ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் ட்யூனிங் மன்னர்கள் உருவானார்கள். ஸ்குருவை உள்ளே முழுக்கத் திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் காதால் கேட்பார்கள். சத்தம் உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கும் இடம் தெரியும். அதுதான் சரியான மிக்சர். ஒரு ஸ்குரு டிரைவர், ஒரு காது. வேறு கருவி கிடையாது!

நத்தம் பாயும் அந்தப் பரம்பரைதான். அவர் சொன்னார், 'கொடைக்கானல் போறவங்க என்கிட்ட வந்து ஸ்குருவைத் திருப்பிட்டுப் போவாங்க தம்பி. இறங்கி வந்ததும் மறுபடி திருப்பிக்கணும்.'

அதன் காரணம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குழாயில் அதே அளவு காற்று போகிற மாதிரி தெரியும், எடை இருக்காது. பெட்ரோல் பங்கு அதிகமாகிக் கார் கறுப்பாகப் புகை கக்கும். ஒரே மாவட்டத்துக்குள் கீழே ஒரு கணக்கு, மேலே ஒரு கணக்கு! காற்றை இடத்தால் அளந்தால் போதாது, எடையால் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

காற்றை எப்படி எடை போடுவது? கையில் டீ டம்ளர் இருக்கிறதா? ஊதிப் பாருங்கள். பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது. அவ்வளவுதான் தத்துவம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லூயி கிங் என்ற இயற்பியலாளர், சூடான பிளாட்டினக் கம்பியைக் காற்று எந்த வேகத்தில் எவ்வளவு குளிர்விக்கிறது என்று 1914-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். கம்பி ஆறாமல் இருக்க எவ்வளவு கரன்ட் கொடுக்க வேண்டியிருக்கிறதோ, அதை வைத்துக் காற்றைச் சொல்லிவிடலாம். கார் கம்பெனிகள் யாரும் அப்போது சீண்டவில்லை. ஸ்குரு டிரைவர் இருக்கும்போது கம்பி எதற்கு?

* * *

சீண்ட வைத்தது புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரிய வைத்த புகைமூட்டத்துக்குக் கார்களும் காரணம் என்று 1950-களில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் நிரூபித்தார். 1966-ல் கலிஃபோர்னியா, கார் புகைக்கு வரம்பு கட்டியது. அடுத்த வருஷமே ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, வோக்ஸ்வேகன் 1600 காரில் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது காற்றை நேரடியாக அளக்கவில்லை. அழுத்தத்தை அளந்து ஊகித்தது. 1973-ல் காற்றால் தள்ளப்படும் ஒரு கதவை வைத்து அளந்தார்கள். ஆனால் அது இடத்தைத்தான் சொல்லும், எடையைச் சொல்லாது. அதே கொடைக்கானல் பிரச்னை! 1980-களின் தொடக்கத்தில்தான் கிங்கின் சூடான கம்பி காருக்குள் ஏறியது. இன்றைய ஏர் ஃப்ளோ சென்சார் அதன் வாரிசு. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு புரட்சி 1976-ல். புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் சென்சார், முதலில் வால்வோ காரில் வந்தது. ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் குறைவு. மிஞ்சாவிட்டால் பெட்ரோல் அதிகம். உள்ளே போனதைச் சொல்ல ஒருவர், வெளியே வந்ததைச் சொல்ல ஒருவர். நடுவில் கணக்குப் போடக் கம்ப்யூட்டர். ஸ்குருவுக்கு வேலை போயிற்று.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது நீதிமன்றம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் டெல்லியின் காற்றுக்காக 1985-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 1999 ஏப்ரல் 29-ந் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, டெல்லியில் யூரோ 2 தரத்தை ஒரே வருஷத்தில் கொண்டுவரச் செய்தது. அத்தனை துல்லியத்தைக் கார்பரேட்டரிடம் எதிர்பார்க்க முடியாது. 1998-ல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கிளம்பிய சான்ட்ரோ, வரும்போதே இன்ஜெக்‌ஷனோடு வந்தது. மாருதி 800-ம் 2000-ல் மாறியது. டூ வீலர் மெக்கானிக்குகளுக்கு 2020 ஏப்ரல் வரை, பி.எஸ். 6 வரும்வரை, அவகாசம் கிடைத்தது.

ஐட்லிங்கையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. மோட்டார் வாகன விதிப்படி பழைய பெட்ரோல் கார் ஐட்லிங்கில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். பி.எஸ். 2 கார்களுக்கு 2004 அக்டோபரிலிருந்து அது 0.5 சதவீதம். ஆறில் ஒரு பங்கு! 3 சதவீதக் காலத்தில் ஒரு தந்திரம் உண்டு. சர்ட்டிஃபிகேட் வாங்கப் போகும் முன் ஸ்குருவைத் திருகிப் பெட்ரோலைக் குறைப்பது, வாங்கியதும் பழையபடி திருகிக்கொள்வது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கதை நடக்கவில்லை.

* * *

சரி, நம் காருக்கு வருவோம்.

பாயின் மகன் ஸ்கேனரை மாட்டினார். 'அத்தா, ஐட்லிங்ல பிளஸ் இருபத்திரெண்டு' என்றார். இன்ஜினை 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்யச் சொன்னார் பாய். எண் இறங்கி 4-ல் நின்றது. விட்டதும் மறுபடி ஏறியது. அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த எண் என்ன தெரியுமா? பி.காம். படித்தவனுக்கு மட்டும் சட்டென்று புரியும் விஷயம் அது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு வைப்போமே, அதேதான்! ஏர் ஃப்ளோ சென்சார் 'இவ்வளவு காற்று வந்தது' என்று வரவு எழுதுகிறது. அதற்கேற்ப பெட்ரோல் போகிறது. புகைக்குழாய் சென்சார் ஆடிட்டர் மாதிரி, 'இல்லையே, ஆக்சிஜன் மிஞ்சுகிறதே' என்கிறது. உடனே கம்ப்யூட்டர் 22 சதவீதம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது. அந்தத் தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் மஞ்சள் விளக்கு. பி0171 என்ற கோடுக்கு 'காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை' என்றுதான் அர்த்தம். 'சென்சார் கெட்டுவிட்டது' என்று அர்த்தம் இல்லவே இல்லை!

சென்சார் கெட்டிருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் இன்ஜின் நிறையக் காற்று இழுக்கும்போதும் தெரியும். அழுக்குப் படிந்த கம்பி, காற்று கூடக் கூடத்தான் அதிகமாகக் கோட்டை விடும். இங்கேயோ நிற்கும்போது மட்டும் வித்தியாசம், ஓடும்போது இல்லை. அப்படியென்றால் பில் போடாமல் பின்வாசல் வழியாகச் சரக்கு வருகிறது. சென்சாரைத் தாண்டி, த்ராட்டிலையும் தாண்டி, எங்கேயோ ஒரு ஓட்டை. ஐட்லிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும், முன்வாசலில் வருவதும் கொஞ்சம்தான். ஆகவே ஓட்டைக் காற்று பெரிதாகத் தெரியும். வேகத்தில் முன்வாசல் காற்று வெள்ளமாக வரும்போது அந்த ஓட்டைக் காற்று எந்த மூலைக்கு?

பாய் ஒரு ரப்பர் டியூபை எடுத்தார். ஒரு முனை காதில். இன்னொரு முனையை இன்ஜினின் ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் கொண்டுபோனார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது மாதிரி. ஓர் இடத்தில் நிறுத்தினார். 'இந்தா, உஸ்ஸுங்குது.' இன்ஜினின் உள்வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் பைப்பில், விரல் நீள ரப்பர் எல்போ. அடிப்பக்கம் பிளந்திருந்தது. மேலே பார்த்தால் தெரியாது. விரலால் அடைத்தார். நடுக்கம் நின்றது. மகன் ஸ்கேனரைப் பார்த்து, 'எண் இறங்குது அத்தா' என்றார்.

எல்போவை மாற்றினார்கள். கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த பழைய கணக்கை மகன் அழித்தார். அது முக்கியம். நகரத்தில் சென்சார் மாற்றியபோது இரண்டு வாரம் நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் புது சென்சார் அல்ல, அழிக்கப்பட்ட பழைய கணக்கு. வித்தியாசம் மறுபடி சேர்ந்து எல்லையைத் தொட அத்தனை நாள் ஆனது. புது சென்சார் ஒரு நாள் கூடத் தப்பாகச் சொல்லவில்லை. பழையதும் சொல்லியிருக்காது. குற்றவாளியை விட்டுவிட்டுப் புகார் சொன்னவனைத் தூக்கில் போட்ட கதை!

யோசித்துப் பார்த்தேன். ஸ்கேனர் மட்டும் இருந்த இடத்தில் பார்ட்டை மாற்றினார்கள். காது மட்டும் இருந்திருந்தால், எத்தனையோ பைப்பில் எங்கே தேடுவது என்று தெரியாமல் நாள் முழுக்கப் போயிருக்கும். எண் 'ஓட்டையைத் தேடு' என்றது. காது 'இங்கே' என்றது. அந்த ஷெட்டில் இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தன.

'எவ்வளவு பாய்?' என்றேன். எல்போவோடு சேர்த்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். உங்களுக்கும் உதவும்.

'அடுத்த தடவை யாராவது சென்சார் மாத்தணும்னு சொன்னா, மாத்துங்கன்னு உடனே தலையாட்டாதீங்க தம்பி. ஐட்லிங்ல எவ்வளவு காட்டுது, ரேஸ்ல எவ்வளவு காட்டுதுன்னு ரெண்டையும் கேளுங்க. பதில் சொல்றவன்கிட்ட வண்டியை விடுங்க.'